வெட்டாமல் விட்ட சந்தா

ராஜ்குமாருக்கு மலை பிடிக்காது. மலையில் இருக்கிறவர்களை அதைவிடப் பிடிக்காது. ஆனால் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், "மலை மக்களுக்காக நான் செய்த ஆப்" என்று அரைமணி நேரம் உருகித் தீர்த்துவிடுவான். அந்த உருகலை ஒன்றரை வருஷமாகக் கேட்டுக் காது புளித்துப்போனவள் சிவசங்கரி. அவன் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். ஊர் சந்தவாசல். சென்னை ஆபீஸில் ஜவ்வாது மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், மலையில் ஏதாவது அழுக்கு வேலை என்றால் அவள் தலையில்தான் கட்டுவார்கள்.

இந்தத் தடவை கட்டியது ஒரு காகிதம். அதில் தாண்டவராயன் என்கிற ஜீப் டிரைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "சம்பவத்தன்று என் போனை நானே அணைத்து வைத்திருந்தேன். இது முழுக்க என் தவறு" என்று ராஜ்குமார் டைப் அடித்து, கீழே அழகாகக் கோடும் போட்டு வைத்திருந்தான். அடுத்தவன் கழுத்துக்குக் கயிறு திரிப்பதில் அவனுக்கு எழுத்துப்பிழையே வராது.

சம்பவம் இதுதான். புதூர்நாட்டுக்கு மேலே சிதறிக் கிடக்கிற ஊர்களுக்கு பஸ் என்பது பேருக்கு. ஜீப்தான் எல்லாம். எந்த ஜீப் எங்கே வருகிறது என்று போனில் காட்டுவது இவர்களுடைய 'மலைவண்டி' ஆப். ஆஸ்பத்திரி அவசரம் என்றால் அதில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அமுக்கினால் அவசர வண்டிக்காரர் போன் அலறும். அந்த அவசர வண்டி தாண்டவராயனுடையது. போன மாசம் ஒரு நாள், பட்டப்பகலில், அன்பரசி என்கிற பெண்ணுக்கு இடுப்புவலி கண்டது. அவள் நாத்தனார் செல்லியம்மாள் பட்டனை அமுக்கினாள். பிறகு நேராகவே பதினோரு தடவை கூப்பிட்டாள். பதினோரு தடவையும் ஸ்விட்ச் ஆஃப். கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில், வெயிலில், பாறை மேல் பிள்ளை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. தாயும் பிள்ளையும் உயிரோடு திருப்பத்தூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது அவர்கள் செய்த புண்ணியம்.

தாண்டவராயன் போனை அமர்த்திவிட்டு எங்கேயோ குடித்துக் கிடந்தார் என்று ஊர் முடிவு கட்டியது. அந்த மனிதருக்குக் குடியே கிடையாது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு நோயாளியை வழியில் விட்டதில்லை. எவன் கேட்டான்? இன்றைக்குப் புதூர்நாட்டில் கூட்டம். காகிதத்தில் கையெழுத்து விழுந்தால் அவசர வண்டி அவரிடமிருந்து போகும். அதோடு பேரும் போகும். பேர் போன வண்டியில் மலையில் யாரும் ஏற மாட்டார்கள்.

ராஜ்குமார் காரில் ஏசி போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டான். "நீ அந்த ஆள் ஜீப்லயே வா. வழியில பேசிச் சரிக்கட்டு. லோக்கல் பாஷைதானே உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். பாஷையாம் பாஷை!

திருப்பத்தூரில் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த சிவசங்கரிக்குச் சரிக்கட்ட நேரம் தாராளமாகக் கிடைத்தது. ஆள் நிரம்பாமல் மலை ஜீப் கிளம்பாது. அதுதான் அங்கே சட்டம். நோயாளி ஏறினால் மட்டும் ஒற்றை ஆளோடு பறக்கும். மற்ற நாளில், பதினாலு பேர் சேரும்வரை அரிசி மூட்டையும் தக்காளிக் கூடையுமாகக் குந்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். குந்தியிருக்கிற ஜனம் சும்மா இருக்குமா? வண்டியின் முன்னால் மாட்டியிருந்த தாண்டவராயனின் போனைத்தான் நோண்டியது.

"மாமா, மேலேர்ந்து சின்னராஜ் வண்டி எறங்கிடுச்சா பாரு."

தாண்டவராயன் ஆப்பைத் திறந்து காட்டினார். மூடினார். பின்சீட்டில் ஒரு அம்மாள், "இப்ப எங்க வர்றான்?" என்றாள். திறந்தார், மூடினார். அப்புறம் போன் கை மாறிப் பின்னால் போனது. ஆளாளுக்கு ஒருதரம் திறந்து பார்த்துவிட்டு மூடி, பக்கத்து ஆளிடம் கொடுத்தார்கள். புதிதாக ஏறியவர்கள் முதல் காரியமாக அதைத்தான் கேட்டார்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் நாற்பத்தெட்டு தடவை. சிவசங்கரி வேலை இல்லாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். சென்னை ஆபீஸில் ஆப்பைச் சோதிக்கிற பிள்ளைகள் ஒருதரம் திறப்பார்கள், படம் பிடிப்பார்கள், சாப்பிடப் போய்விடுவார்கள்.

வண்டி கிளம்பி மலை ஏறத் தொடங்கியதும் போனைத் தொட்டுப் பார்த்தாள். கை சுட்டது.

"இன்னாம்மா, தோசைக்கல்லு மாரி கீதா?" என்றார் தாண்டவராயன். "தெனமும் இப்டித்தான். மத்தியானத்துக்குள்ள செத்துடும்."

"வண்டியில சார்ஜ் போட மாட்டீங்களாண்ணா?"

"போட்டாலும் ஏற மாட்டேங்குது. உங்க சார் வேற, ஆப்ப மொத்தமா நிறுத்தவே கூடாது, நிறுத்துனா வண்டி மேப்புல தெரியாதுன்னு கண்டிசனா சொல்லிட்டாரு. நான் ஒரு நாளும் நிறுத்தல. அவர் சொன்னா மாரியே ஓட விட்டுக் கீறேன்."

சிவசங்கரி போனைக் கழற்றி எடுத்தாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, வயரைப் போனில் செருகி, குலுங்குகிற வண்டியில் முழங்கால் மேல் வைத்துப் பார்த்தாள்.

ஜீப் இருக்கிற இடம் ஓடை மாதிரி வந்துகொண்டே இருக்கிற தகவல். ஆப்பின் திரை திறந்ததும் அந்த ஓடைக்கு ஒரு சந்தா போடும். போட்டவுடன் ஒரு சீட்டு கைக்கு வரும். திரையை மூடும்போது அந்தச் சீட்டைக் காட்டிச் சந்தாவை வெட்டிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. ராஜ்குமார் சீட்டை வாங்கவே இல்லை. சந்தாவைப் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிருந்தான். திரை மூடினாலும் சந்தா உள்ளே உயிரோடு இருந்தது. ஒவ்வொன்றும் தனியாக ஜிபிஎஸ்ஸைத் தட்டி எழுப்பிக்கொண்டும், தனியாக சர்வரோடு பேசிக்கொண்டும் இருந்தது. அடுத்த தடவை திறந்தால் இன்னொன்று. விடிகாலையிலிருந்து அந்தப் போனில் இரண்டு நடைக்குச் சேர்ந்த சந்தா இருநூற்றுப் பதினேழு. இதில் ஆப்பை நிறுத்தவே கூடாது என்று கட்டளை வேறு. புத்திசாலி!

வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் மனசுக்குள் அவனுக்குப் போட்டாள். பெரிய ஆர்க்கிடெக்ட்டாம். கருத்தரங்கு கருத்தரங்காகப் போய் ஸ்ட்ரீம் என்றும் ரியாக்டிவ் என்றும் கையை ஆட்டிப் பேசுகிறவனுக்குத் திறந்ததை மூடத் தெரியவில்லை. அந்த வரிகளை எழுதியது அவன்தான் என்று உறுதி செய்துகொள்ளப் பழைய பதிவைத் திறந்தாள். எழுதியவர் ராஜ்குமார். அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. "படித்துப் பார்த்தேன், சரி. சிவசங்கரி."

வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து ஐம்பது. அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஊருக்குப் போக பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், ஒரு வரி படிக்காமல், பட்டனைத் தட்டிவிட்டு ஓடியிருந்தாள். இவ்வளவு நேரம் ராஜ்குமாருக்குச் சேர்த்து வைத்த அத்தனை வசவும் அப்படியே திரும்பி அவள் மேல் விழுந்தது. லேப்டாப்பை மூடினாள்.

"அண்ணா, நீங்க போனை அமத்தலை. அது தானாத்தான் செத்திருக்கு" என்றாள்.

"அதத்தானம்மா ஒரு மாசமா ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிகினு கீறேன்" என்றார் அவர், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "அந்தச் செல்லியம்மா என்னை மாமான்னு கூப்டறதே நிறுத்திடுச்சு. எதிர்ல வந்தா மண்ணுல துப்பிட்டுப் போவுது."

ஏன் செத்தது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புதூர்நாட்டில் தகரக் கொட்டகை ஒன்றில் கூட்டம். காலையிலிருந்து கரண்ட் இல்லை. ராஜ்குமார் கைக்குட்டையை விரித்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அதன் மேல் உட்கார்ந்திருந்தான். வாடகைக் கார் டிரைவர் பிரியாணி தேடித் திருப்பத்தூருக்கே திரும்பிப் போயிருந்தான். போன் போட்டால் வந்துவிடுவானாம். மாலை ஆறு மணிக்கு ஜோலார்பேட்டையில் ரயில்.

சிவசங்கரி அவனைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் முழுசாகக் கேட்டான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"ஓகே. மெமரி லீக். நெக்ஸ்ட் ரிலீஸ்ல சத்தமில்லாம சரிபண்ணிடலாம்."

"இந்தக் காகிதம் சார்?"

"அது வேற, இது வேற. நூறு தடவ ஓபன் பண்ணிப் பண்ணிப் பாக்கறது இவங்க தப்பு. போன் எப்படி யூஸ் பண்றதுன்னே தெரியாத கூட்டம். இன்னும் ரெண்டு மலைக்கு ஆர்டர் வரப்போவுது, ஒரு டிரைவருக்காக அதைக் கெடுக்கச் சொல்றியா? அதுவும் ரிவியூ பண்ணது யாருன்னு பாத்தியா?"

கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பை ஒரு அறையில் துடைத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அறைகிற கை சுத்தமாக இல்லையே.

மேல் ஊர்க்காரர்கள் வர வேண்டும் என்று கூட்டத்தைக் கூட்டிய கோபால்சாமி சொன்னார். வருகிறவர்கள் சின்னராஜ் வண்டியில் வர வேண்டும், அது நிரம்ப வேண்டும். எப்படியும் இரண்டு மணி நேரம். ராஜ்குமாருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. காத்திருந்த ஜனத்துக்குப் பாடம் எடுக்க எழுந்தான்.

"உங்க சீப் போன்லதான் பிரச்சினை. இதப் பாருங்க, நல்ல போன்ல எவ்ளோ ஸ்மூத்தா ஓடுதுன்னு" என்று தன் போனில் மலைவண்டியைத் திறந்து முன்வரிசையிலிருந்த பெண்ணிடம் நீட்டினான். லட்ச ரூபாய்க்கு மேலான போன். வழி முழுக்க வீடியோ பார்த்துக்கொண்டு வந்ததில் சார்ஜ் முப்பத்தெட்டு சதவீதம். சார்ஜர் காரில்.

முதல் பெண் பார்த்தாள், மூடினாள், பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் திறந்தாள். சின்னராஜ் வண்டி எங்கே வருகிறது என்று ஐம்பது பேருக்கும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தெரிந்தாக வேண்டியிருந்தது. போன் கொட்டகையைச் சுற்றி வந்தது, மறுபடி சுற்றி வந்தது. ராஜ்குமார் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவசங்கரி எச்சரித்திருக்கலாம். எச்சரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

சின்னராஜ் வண்டி வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. செல்லியம்மாள் அதிலிருந்துதான் இறங்கினாள். நாற்பது வயசிருக்கும். தாண்டவராயன் பக்கம் திரும்பாமல் போய் முன்னால் உட்கார்ந்தாள். ராஜ்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்பெனி மிகவும் வருந்துகிறது, தொழில்நுட்பத்தில் எந்தக் குறையும் இல்லை, டிரைவர் கையெழுத்திட்டதும் வேறு வண்டி ஏற்பாடாகும் என்று ஒப்பித்தான். காகிதத்தைத் தாண்டவராயன் முன்னால் வைத்தான். பிறகு, காரை வரச் சொல்லலாம் என்று போனுக்காகக் கையை நீட்டினான்.

போன் வந்தது, கொதித்துக்கொண்டு. திரை கறுப்பு. பட்டனை அமுக்கினான். அழுத்திப் பிடித்தான். உதறினான். ஒன்றும் நடக்கவில்லை.

"யாராவது போன் குடுங்க" என்றான். மூன்று பேர் நீட்டினார்கள். டிரைவர் நம்பர் அவனுக்குத் தெரியாது. அது செத்த போனுக்குள் இருந்தது. அவன் மனைவி நம்பர்கூட அதற்குள்தான் இருந்தது.

தாண்டவராயன் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னா சார், போன அமத்தி வெச்சிட்டீங்களா?"

கொட்டகை கொல்லென்று சிரித்தது. ராஜ்குமாருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "நான் எதுக்குய்யா ஆஃப் பண்றேன்? நான் தொடவே இல்ல! தானா ஆஃப் ஆயிடுச்சு!"

சிரிக்காமல் இருந்தது செல்லியம்மாள் மட்டும்தான். எழுந்தாள்.

"இன்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

ராஜ்குமார் செத்த போனின் பட்டனை மறுபடி அமுக்கினான்.

சிவசங்கரி முன்னால் வந்து நின்றாள். "அவர் சொல்ல மாட்டாருக்கா. நான் சொல்றேன். ஆப்பைத் தொறக்கறப்ப உள்ள ஒரு ஆளு எழுந்து, வண்டி எங்க, வண்டி எங்கன்னு கேக்க ஆரம்பிப்பான்னு வெச்சிக்கோங்க. மூடறப்ப அவனைப் போதும், போன்னு அனுப்பிடணும். நாங்க அனுப்பல. நீங்க மூடிட்டீங்க, அவன் உள்ளயே குந்திகினு கேட்டுகினே இருக்கான். அடுத்து தொறந்தா இன்னொருத்தன். இன்னிக்குக் காலையில தாண்டவராயண்ணா போன்ல இருநூத்திப் பதினேழு பேரு. எல்லாருமா சேந்து சார்ஜத் தின்னு தீத்துட்டானுங்க. அன்னிக்கும் அதான் நடந்திருக்கு. அவர் அமத்தல."

"சிவசங்கரி!" என்றான் ராஜ்குமார்.

"அவனைப் போன்னு சொல்ல எத்தினி நேரமாவும்?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

"ஒரு வரிக்கா. ஒரே ஒரு வரி எழுதணும்."

"ஒரு வரி." செல்லியம்மாள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒரு வரிக்கு என் தம்பி பொண்டாட்டி பாறை மேல கெடந்தா. அவ ரத்தத்துல என் பொடவை நனைஞ்சுது. எழுதாம விட்டது யாரு?"

"எழுதுனது அவரு. அதைப் படிச்சுப் பாத்து, தப்பிருந்தா நிறுத்த வேண்டியது நான். நான் படிக்கல. படிச்சேன்னு போட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டேன்."

செல்லியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். எத்தனையோ அதிகாரிகள், எத்தனையோ வாத்திமார்கள் சிவசங்கரியை ஏளனமாகப் பார்த்ததுண்டு. இந்த மாதிரி ஒரு பார்வையை அவள் வாங்கியதில்லை. மண்ணில் துப்பியிருந்தாலே தேவலை என்றிருந்தது. செல்லியம்மாள் துப்பவில்லை. அவளைத் தாண்டிப் போய் தாண்டவராயன் எதிரே நின்றாள்.

"மாமா" என்றாள். அவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

சிவசங்கரி அந்தக் காகிதத்தை எடுத்தாள். டைப் அடித்ததைக் குறுக்கே அடித்துவிட்டு, பின்பக்கம் மூன்று வரி எழுதினாள். போன் தானாக அணைந்தது. தாண்டவராயன் மேல் எந்தத் தவறும் இல்லை. சந்தாவை வெட்டாமல் ஆப்பைக் கொடுத்தது எங்கள் தவறு. கீழே கையெழுத்துப் போட்டாள். ராஜ்குமாரிடம் நீட்டினாள். அவன் காகிதத்தைத் தொடவில்லை. "நாளைலேர்ந்து ஆபீஸ் வர வேணாம்" என்று மட்டும் சொன்னான். வேலை போனது என்று தெரிந்ததும் பயம்தான் வந்தது. வீட்டுக் கடனும் அம்மாவின் முகமும் கண்முன் வந்தன. ஆனாலும் எழுதியதை அவள் அடிக்கவில்லை. கோபால்சாமி காகிதத்தை வாங்கிச் செல்லியம்மாளிடம் கொடுத்தார்.

மணி நாலே கால். கார் வரவில்லை. ராஜ்குமார் ஜீப்புக்கு அருகே வந்தான்.

"உடனே ஜோலார்பேட்டை போகணும். எல்லா சீட்டுக்கும் நானே குடுத்துடறேன். எடுங்க."

"ஆள் ரொம்பட்டும் சார்" என்றார் தாண்டவராயன்.

"ரயில் போயிடும்யா!"

"நோயாளின்னா ஒத்த ஆளுக்கே எடுப்பேன். உங்களுக்கு இன்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

மலை இறங்குகிற சனம் ஒவ்வொன்றாக வந்து ஏறியது. பதினொன்று, பன்னிரண்டு. இன்னும் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிற அன்பரசியைப் பார்க்கப் போகிற செல்லியம்மாள் முன்சீட்டில் ஏறி, காகிதத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். பதிமூன்று ஆயிற்று. ஒரு இடம் பாக்கி. ராஜ்குமார் ஏறக் காலைத் தூக்கினான்.

"மொதல்ல இதுல போடு" என்று செல்லியம்மாள் காகிதத்தை நீட்டினாள்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். கார் வரும் அறிகுறியே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவை உருவி, காகிதத்தின் அடியில் இடம் தேடினான். அவன் கண் எழுத்தின் பக்கமே போகவில்லை.

செல்லியம்மாள் காகிதத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"படிச்சிட்டுப் போடு. படிக்காம போட்டவ ஒருத்தி அங்க நிக்கிறா பாரு."

சிவசங்கரி வண்டியின் பின்னால், உள்ளே ஏறாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. யாரும் நகர்ந்து உட்காரவில்லை. மூன்று வரியையும் ராஜ்குமார் வாய்விட்டுப் படித்து முடிக்கும்வரை தாண்டவராயன் சாவியைத் திருப்பவில்லை.